உள்ளே ஆறு

கல்லீரல் என்று பெயர் வைத்தவர்
அதைக் கையில் ஏந்திப் பார்த்திருக்க மாட்டார்.
கல் இல்லை அது.
இளம் நுங்கில் தையல் போட்டால் எப்படியோ
அப்படி அறுத்துக்கொண்டு வந்துவிடும் நூல்.

அன்று வந்தவன் தனகோட்டி. முப்பத்தொரு வயது.
கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில்
கயிறு அறுந்த விசைப்படகுக்கும்
சுவருக்கும் நடுவே
ஒரு மூச்சு நேரம் நின்றிருக்கிறான்.
தோலில் ஒரு கீறல் இல்லை.
வயிறு மட்டும் மத்தளம்.

ஈரல் கிழிந்திருக்கிறது என்றதும்
ஸ்ட்ரெச்சர் தள்ளியவர் முதல்
பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்தவர் வரை
கேட்டது ஒன்றுதான்:
குடிப்பானா?
கூப்பிடு தூரத்தில் பாண்டி இருக்கும் ஊரில்
ஈரலுக்கு வேறு கெடுதல் யாருக்கும் தெரியாது.
"சோடா குடிச்சாலே ஏப்பம் வருதுன்னு
தள்ளி வைக்கிற மனுசன்" என்றாள் அஞ்சலாட்சி.
முழங்கை வரை மீன் செதில்
காயாமல் ஒட்டியிருந்தது.

டாக்டர் மங்கையர்க்கரசி திறந்தார்.
நிரம்பிக் கிடந்ததற்குள் இரண்டு கைகளையும் விட்டு
கிழிந்ததைக் கிழிந்ததோடு சேர்த்து
அழுத்திப் பிடித்தார்.
அப்படியே நின்றார்.
வெட்டவில்லை, தைக்கவில்லை.
பார்ப்பவருக்கு
ஒன்றும் செய்யாதது போலிருக்கும்.
தலைமாட்டில் மயக்க மருந்து ஹபீபுல்லா
எண்களை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.
அறுபது.
ஐம்பத்தெட்டு.
மேடம், ரத்தம் வரணும்.

ரத்தம் வந்துகொண்டிருந்தது,
பாண்டியிலிருந்து, பைக்கில், ஐஸ் பெட்டியில்.
ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் மடக்கி
"என்னய்யா சரக்கு, திற" என்றாராம் போலீஸ்காரர்.
திறந்தாராம் எங்கள் லேப் பாவாடைராயன்.
மூடியை அவரே சாத்தி
தடுப்புக் கம்பை அவரே தூக்கிப் பிடித்தாராம்.

பிறகு துணிகள்.
நான் மடித்துக் கொடுக்கக் கொடுக்க
மேலே, அடியில், விலாவோரம் என்று வைத்தார்,
தூரத்து ஊருக்கு அனுப்பும் கண்ணாடிச் சாமானைச் சுற்றி
வைக்கோல் திணிப்பதுபோல.
கசிவு நின்றது.
"போதும். இப்படியே மூடிடலாம்."

இருபத்திரண்டு வருடமாக இந்த மேசையில்
நான் கற்றதெல்லாம்
எதையும் உள்ளே விட்டுவிடாதே என்பதுதான்.
ஒரு துணி குறைந்தால்
தரையில் தவழ்ந்து தேடியிருக்கிறோம்.
அன்று தெரிந்தே விட்டோம்.
பலகையில் எழுதினேன்,
எண்ணில் அல்ல, எழுத்தில்:
உள்ளே ஆறு.
ராத்திரி டியூட்டிக்கு வந்த சின்ன டாக்டர்
"எந்த ஆறு சிஸ்டர், கெடிலமா?" என்றார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்கையில் வந்தது.

இரண்டு நாள்.
படிக்கட்டு, இட்லிக் குழி, பேருந்து ஜன்னல் கம்பி,
எதைப் பார்த்தாலும் ஆறு வரை எண்ணினேன்.

ஐசியு வாசலில் என் கையைப் பிடித்தாள் அஞ்சலாட்சி.
"பித்து உடையலையே சிஸ்டர்?
மீன் ஆயும்போது அது உடைஞ்சிட்டா
எத்தன தண்ணி ஊத்தினாலும் கசப்பு போவாது."
படித்த உறவுக்காரர் யாரும்
இதுவரை என்னிடம் கேட்காத கேள்வி.
"உடையல" என்றேன்.
சொன்ன பிறகுதான் உறைத்தது:
எங்களுக்கே இன்னும் தெரியாது.

மூன்றாம் நாள் காலை.
உப்புநீர் விட்டு விட்டு ஊறவைத்து,
புண்ணில் ஒட்டிய சட்டையை உரிப்பதுபோல
ஒவ்வொன்றாக எடுத்தார்.
ஐந்தாவதில் மஞ்சள் தெரிகிறதா என்று
விளக்கடியில் நாலு பேர் குனிந்தோம்.
பழைய ரத்தத்தின் நிறம்தான்.
ஆறு.
புதுசாக ஒரு வெள்ளைத் துணியை
ஈரல்மேல் பரப்பிக் காத்திருந்தோம்.
யாரும் எண்ணைச் சொல்லவில்லை.
ஏ.சி. சொட்டுவது கேட்டது.
வெள்ளையாகவே வந்தது துணி.

பலகையைத் துடைத்தேன்.
"உள்ளே" உடனே போய்விட்டது.
அழுத்தி எழுதியிருந்த "ஆறு"க்கு
ஸ்பிரிட் தேவைப்பட்டது.

வெளியே வந்து அஞ்சலாட்சியிடம் சொன்னேன்:
"பித்து உடையல."
"அதான்
அன்னிக்கே சொன்னீங்களே" என்றாள்.